பிஜிக்கு எந்த மாதம் போகலாம்? அதற்கு முன்னால் எந்தக் கரை என்று பாருங்கள்

மே முதல் அக்டோபர் வரை பிஜியில் மழையில்லாக் காலம் என்று எந்தப் பயணக் குறிப்பைத் திறந்தாலும் முதல் வரியிலேயே இருக்கும். அதை அப்படியே நம்பி நாங்கள் முதல் தடவை ஒரு ஜூலை மாதம் சிட்னியிலிருந்து கிளம்பினோம், மதுரையிலிருந்து வந்திருந்த அத்தையும் மாமாவும் எங்களோடு. தலைநகர் சுவாவுக்குப் பக்கத்தில் ஐந்து நாளுக்கு அறை எடுத்திருந்தோம். மூன்று நாள் தூறல் நிற்கவே இல்லை. துவைத்துப் போட்ட துணி காயவில்லை, சன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்த மாமா எழுந்திருக்கவில்லை. நான்காம் நாள் பொறுக்க முடியாமல் பேருந்து ஏறி மேற்கே நந்திக்கு வந்தோம், அங்கே பார்த்தால் புழுதி பறக்கிறது, குன்றெல்லாம் புல் காய்ந்து பழுப்பாகக் கிடக்கிறது, பழக்கடை அம்மா மழையைப் பார்த்து மூன்று வாரம் ஆகிறது என்கிறார். இரண்டும் ஒரே தீவுதான், நடுவில் சாலை வழியாக நான்கு மணி நேரம். அதற்கப்புறம் இரண்டு தடவை போய்விட்டேன், போக நினைக்கும் சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தைச் சொல்கிறேன். மாதத்தைப் பார்ப்பதற்கு முன் கரையைப் பாருங்கள்.

ஊர்ப் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பிஜி மொழியை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை தனி. எழுத்துக்கூட்டிப் படித்தால் ‘நாடி’ என்று வரும் ஊரை அங்கே எல்லாரும் நந்தி என்றுதான் சொல்கிறார்கள், ‘மமனுகா’ போலத் தெரிவது மமனுதா, ‘சிகடோகா’ என்பது சிங்கடோகா. உச்சரிப்புப்படியே இங்கே எழுதுகிறேன், வரைபடத்தில் தேடும்போது எழுத்து வேறாக இருந்தால் குழம்பாதீர்கள்.

சரி, ஒரே தீவில் இப்படி இரண்டு வானிலை எதனால்? இந்த ஆறு மாதமும் தென்கிழக்கிலிருந்து வியாபாரக் காற்று விடாமல் வீசுகிறது, கடல்மேல் நெடுந்தூரம் வருவதால் ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. பெரிய தீவான விட்டி லெவுவின் நடுவில் மலைகள், அதில் உயரமான டொமானிவி 1,324 மீட்டர். காற்று மலையில் மோதி மேலே ஏறும்போது ஈரத்தைத் தென்கிழக்குப் பக்கமே கொட்டிவிட்டு, மேற்கே இறங்கும்போது வறண்டுபோகிறது. ஜூன், ஜூலையில் கேரளா நனைந்துகொண்டிருக்கும்போது நம் பக்கம் வெறும் காற்று மட்டும் அடிக்குமே, அந்த மழை மறைவுதான், திசை மட்டும் மாறியிருக்கிறது. வருடத்துக்குச் சுவாவில் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, நந்தியில் 1,800 முதல் 1,900 வரை. ஆனால் வருடக் கணக்கைவிட ஜூலைக் கணக்குதான் நமக்கு முக்கியம்: நந்தியில் அந்த மாதம் முழுக்கச் சுமார் 50 மில்லிமீட்டர், சுவாவில் 140 அளவுக்கு. சென்னையில் ஆகஸ்டு மாதத்தில் பெய்வது கிட்டத்தட்ட அவ்வளவுதான், அதுதான் சுவாவுக்கு ‘வறண்ட’ மாதம்.

கரும்பைப் பார்த்தாலும் இது புரியும். அறுவடைக்கு முன் சில மாதம் வறட்சியும் கொஞ்சம் குளிர்ச்சியும் இருந்தால்தான் கரும்பில் சர்க்கரை ஏறும். சுவாவை அடுத்த நவுசோரியில், ரேவா ஆற்றங்கரையில், 1882இலேயே பெரிய ஆலை போட்டார்கள், ஆனால் அந்தப் பக்கத்து மழைக்குக் கரும்பில் போதிய சர்க்கரை ஏறவில்லை, 1959இல் ஆலையை மூடிவிட்டார்கள். இன்று ஓடுகிற ஆலைகள் லவுட்டோகா, பா, லம்பாசா. முதல் இரண்டும் விட்டி லெவுவின் மேற்கில், மூன்றாவது வனுவா லெவு தீவின் வடகரையில், மூன்றுமே மழை மறைவுப் பக்கம். நீங்கள் வெயிலுக்காகப் போகிறீர்கள் என்றால் கரும்பு விளைகிற கரையில் அறை எடுங்கள், இதைவிடச் சுலபமான அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

அப்படிப் பார்த்தால் நந்தி, லவுட்டோகா, அவற்றுக்கு எதிரே கடலில் இருக்கும் மமனுதா தீவுகள், அதற்கு வடக்கே கோடு போட்டது மாதிரி நீளும் யசாவா தீவுகள் இவைதான் உறுதியான வெயில் பக்கம். நந்தியிலிருந்து தெற்குக் கரையோரமாகச் சுவா போகும் சாலையில் பவளக் கரை என்று ஒரு நீண்ட பகுதி இருக்கிறது, அதில் சிங்கடோகா வரை பரவாயில்லை, கிழக்கே போகப் போக மேகம் கூடும், பசிபிக் ஹார்பர் வந்ததும் குடை வேண்டியிருக்கும். தவெயுனி தீவு பச்சைப்பசேல் என்று இருப்பதற்குக் காரணமே வருடம் முழுக்கப் பெய்யும் மழைதான். அங்கே போகக் கூடாது என்று சொல்லவில்லை. போமா அருவிகளும் சோமோசோமோ நீரிணையின் மென்பவளமும் வேறெங்கும் கிடைக்காது, பவளத்துக்காகவே தவெயுனி போகிறவர்கள் தூறலைப் பொருட்படுத்த மாட்டார்கள். ஆனால் பத்து நாள் விடுமுறையில் நான்கு நாளை அங்கே வைத்தால், அந்த நான்கில் குறைந்தது இரண்டு நாள் நனையும் என்று கணக்குப் போட்டு வையுங்கள். மேற்கிலும் ஒரு சொட்டு விழாது என்றில்லை, தெற்கிலிருந்து குளிர்காற்றின் முன்விளிம்பு (குளிர்முகம் என்பார்கள்) ஏதாவது தாண்டிப் போனால் ஒன்றிரண்டு நாள் மூட்டமும் மழையும் வரும், அப்புறம் வானம் துடைத்தது மாதிரி ஆகிவிடும்.

இப்போது மாதத்துக்கு வருவோம்.

மே மாதத்தைப் பலர் கண்டுகொள்வதில்லை. மழைக்காலம் முடிந்த கையோடு என்பதால் மேற்குப் பக்கமும் அப்போது பச்சையாக இருக்கும், அருவிகளில் நீர் இருக்கும், கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், கூட்டம் குறைவு, அறை வாடகையும் ஏறியிருக்காது. புயல் காலம் அதிகாரப்பூர்வமாக நவம்பர் முதல் ஏப்ரல் வரை. ஆனாலும் நாள்காட்டியைப் பார்த்துப் புயல் நிற்பதில்லை, 2017இல் டோனா புயல் மே மாதத்தில் வந்து பக்கத்து நாடான வனுவாட்டுவை அடித்தது. அதனால் மே முதல் பாதியைவிட இரண்டாம் பாதி எனக்குப் பிடிக்கும். ஜூன் மாதமும் கடைசி வாரம் வரை நல்லது.

ஜூன் கடைசியிலிருந்து ஜூலை பாதிவரை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பள்ளி விடுமுறை. அங்குள்ள குளிருக்குத் தப்பிக்க ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிஜிக்குத்தான் வருகின்றன, நானும் அப்படித்தான் போனேன். விமானம், படகு, அறை மூன்றும் ஒரே நேரத்தில் விலை ஏறும். ஜூலை, ஆகஸ்டுதான் மிக வறண்ட மாதங்கள், குளிர்ச்சியானவையும்கூட. நந்தியில் பகலில் 28 டிகிரி, இரவில் 18, 19க்கு இறங்கும். சிட்னிக் குளிரில் இருந்து போகிற எனக்கு அது சுகம், மதுரையிலிருந்து வந்த அத்தைக்கு இரவில் ஸ்வெட்டர் வேண்டியிருந்தது. கடல் நீரும் அப்போது 25, 26 டிகிரிதான், சென்னைக் கடலில் குளித்துப் பழகியவர்களுக்கு அரை மணி நேரத்தில் உதடு நடுங்கும். பவளம் பார்க்க மிதப்பதாக இருந்தால் உடம்போடு ஒட்டும் நீச்சல் அங்கியைப் படகுக்காரரிடம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளுக்குக் கட்டாயம்.

என்னிடம் ஒரே ஒரு மாதம் சொல் என்று கேட்டால் செப்டம்பர் முதல் மூன்று வாரம் என்பேன். மழை இன்னும் வரவில்லை, காற்றின் வேகம் குறையத் தொடங்கிவிடும், கடல் மெல்லச் சூடேறும், ஆஸ்திரேலியப் பள்ளிகளின் அடுத்த விடுமுறை மாதக் கடைசியில்தான் ஆரம்பிக்கும். அக்டோபரில் புழுக்கம் கூடும், சாயங்காலம் இடியோடு ஒரு மழை எட்டிப் பார்க்கும், ஆனால் அக்டோபர் 10 பிஜியின் சுதந்திர நாள் என்பதால் ஊர் களைகட்டும். தீபாவளியும் அங்கே அரசு விடுமுறை, அது அக்டோபரில் விழும் வருடங்களில் நந்தி, பா, லவுட்டோகா வீதிகளில் வீடு வீடாக விளக்கு எரிவதைப் பார்க்கலாம்.

ஏப்ரலில் மலிவாகக் கிடைக்கிறதே என்று போகாதீர்கள் என்று சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. 2016 பிப்ரவரி 20ஆம் தேதி வின்ஸ்டன் புயல் அடித்து 44 பேர் இறந்தார்கள், ராக்கிராக்கி பக்கத்துக் கரும்பு ஆலை அந்தச் சேதத்துக்குப் பிறகு திறக்கவே இல்லை. 2020 ஏப்ரலில் ஹெரால்ட் புயல் கண்டாவு தீவை அடித்தது. அதே வருடம் டிசம்பரில் யாசா வனுவா லெவுவை அடித்தது. புயல் காலத்திலும் பெரும்பாலான நாட்கள் நன்றாகவே இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் வயதானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு சின்னத் தீவில் மாட்டிக்கொள்கிற வாய்ப்பை நான் எடுக்க மாட்டேன்.

இன்னொன்று, எல் நினோவும் லா நினாவும். நடு, கிழக்குப் பசிபிக்கில் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் வருடம் எல் நினோ, குளிரும் வருடம் லா நினா. தென் பசிபிக்கில் மழைமேகம் கூடும் ஒரு நீண்ட பட்டை உண்டு, மழைக்காலத்தில் அது பிஜிக்குப் பக்கம் வந்து நிற்கும். எல் நினோ வருடங்களில் அது வடகிழக்கே நகர்ந்துவிடுவதால் பிஜி வறண்டுபோகும், 1997, 98இல் கரும்பே கருகுமளவுக்கு வறட்சி. லா நினா வருடங்களில் பட்டை தென்மேற்கே இறங்கும், மழை கூடும், வறண்ட மாதங்களிலும் ஈரம் விடாது. பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் அந்த வருடம் எது நடக்கிறது என்று பார்த்துவிட்டால், மே, அக்டோபர் போன்ற ஓரத்து மாதங்களை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது சுலபம். லா நினா என்றால் நான் ஜூலை முதல் செப்டம்பருக்குள் சுருக்கிக்கொள்வேன். எல் நினோ என்றால் சின்னத் தீவுகளில் தண்ணீர் தட்டுப்பாடு வரும். பல தீவுகளில் மழைநீர்த் தொட்டிதான், அது வற்றினால் பெரிய தீவிலிருந்து படகில் தண்ணீர் கொண்டுவர வேண்டும். குளியலறையில் நாம் திறந்துவிடும் தண்ணீர் அந்தக் கிராமத்துக்காரர்கள் குடிக்கிற தண்ணீர், அதை மனதில் வைத்துக் குளியுங்கள்.

மழையைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள், காற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மழையில்லாக் காலத்தில் விடுமுறையைக் கெடுப்பது காற்றுதான். ஜூன் முதல் ஆகஸ்டு வரை வியாபாரக் காற்று நன்றாக வலுக்கும், சில நாட்களில் மணிக்கு 40 கிலோமீட்டருக்கும் மேல். வானம் நீலமாக இருக்கும், வெயில் அடிக்கும், ஆனால் கடல் வெள்ளை வெள்ளையாகப் பொங்கிக்கொண்டிருக்கும். எங்கள் இரண்டாவது பயணத்தில் அத்தை நந்திக்குப் பக்கத்திலுள்ள டெனராவ் துறையில் படகு ஏறும்போது இட்லி சாப்பிட்ட தெம்போடு சிரித்துக்கொண்டு ஏறினார், மமனுதா தீவுகளின் மறைவைத் தாண்டித் திறந்த கடல் வந்ததும் பாவம், இரண்டு மணி நேரம் தலை தூக்கவில்லை. அதற்கப்புறம் நான் கற்றுக்கொண்டது இதுதான். குமட்டல் மாத்திரையைப் படகு ஏறுவதற்கு அரை மணி, முக்கால் மணிக்கு முன்பே போட வேண்டும், குமட்டல் வந்தபின் போட்டுப் பயனில்லை. இரத்த அழுத்தத்துக்கோ வேறெதற்கோ மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு எடுங்கள். மேல்தளத்தில் போய் உட்காராமல் கீழ்த்தளத்தில், நடுவில், பின்பக்கமாக உட்காருங்கள், அங்கேதான் ஆட்டம் குறைவு. வயதானவர்கள் இருந்தால் யசாவாவின் வடகோடியை விட்டுவிட்டு மமனுதாவிலேயே ஒரு தீவைத் தேர்ந்தெடுங்கள், அரை மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள் போய்விடலாம். யசாவா வரை போகும் பெரிய மஞ்சள் படகு காலையில் கிளம்பி ஒவ்வொரு தீவாக நின்று வடக்கே போய்ச் சேர நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

தங்கும் இடம் எடுக்கும்போது அது எந்தத் தீவு என்பதோடு நிறுத்தாதீர்கள், கடற்கரை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். காற்று தென்கிழக்கிலிருந்து வருகிறது, அதனால் வடக்கு, வடமேற்கு, மேற்கு பார்த்த கடற்கரைகள் அமைதியாக இருக்கும். ஒரே தீவில் கிழக்குப் பக்கம் அலை அடித்து மணல் முகத்தில் தெறிக்கும், இருநூறு அடி நடந்து அந்தப் பக்கம் போனால் குளம் மாதிரி இருக்கும், யசாவாவில் இதை நான் கண்ணால் பார்த்தேன். விளம்பரப் படத்தில் இதெல்லாம் தெரியாது. பவளக் கரையில் வேறு ஒரு சிக்கல், கரையை ஒட்டியே பவளத் திட்டு இருப்பதால் வற்றம் நேரத்தில் முழங்கால் அளவு தண்ணீர்கூட இருக்காது, நீந்த ஏற்றம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அங்கே தங்குவதாக இருந்தால் போகிற நாட்களுக்கான ஏற்ற வற்ற நேரத்தை முன்பே பார்த்துவிடுங்கள், நடுப்பகலில் ஏற்றம் வருகிற நாட்களாகக் கிடைத்தால் நல்லது.

இதே காற்றுக் காலத்துக்கு ஒரு பரிசும் உண்டு. மே முதல் அக்டோபர் வரை யசாவாவின் தென்பகுதியில் ட்ராவங்கா தீவை ஒட்டிய குறுகிய நீரிடுக்குக்குப் பெரிய ஆனைத்திருக்கை மீன்கள் நீரோட்டத்தில் வரும் இரையைத் தின்ன வருகின்றன. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, காலையில் படகுக்காரர்கள் போய்ப் பார்த்துவிட்டு முரசு அடிப்பார்கள், உடனே எல்லாரும் ஓட வேண்டும். என் மகள் தண்ணீருக்குள் அதைப் பார்த்துவிட்டு மேலே வந்து எதுவும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். இதற்காகவாவது அங்கே ஒரே ஒரு இரவு என்று வைக்காமல் மூன்று இரவு வையுங்கள், ஒரு நாள் காற்றில் போனாலும் அடுத்த நாள் இருக்கும்.

வழியைப் பற்றி. சிட்னி, பிரிஸ்பேன், மெல்போர்ன், ஆக்லாந்திலிருந்து நேரடி விமானம், சிட்னியிலிருந்து நான்கு மணி நேரம். சென்னையிலிருந்து வந்த என் தங்கை சிங்கப்பூர் போய், அங்கிருந்து சுமார் பத்து மணி நேரம் பறந்து நந்தியில் இறங்கினாள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குச் சுற்றுலாவுக்கு முன்கூட்டியே விசா எடுக்கும் தேவை இல்லை, நான்கு மாதம் வரைக்கான அனுமதியை இறங்கியதும் தருகிறார்கள். ஆனால் திரும்பும் பயணச்சீட்டு கையில் இருக்க வேண்டும், கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதத்துக்குச் செல்ல வேண்டும், கிளம்பும் முன் பிஜி குடிவரவுத் துறையின் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மலிவாக இருக்கிறதே என்று ஆஸ்திரேலியா வழியாகச் சீட்டு எடுத்தால், வெறுமனே விமானம் மாறுவதற்குக்கூட இடைவழி விசா வேண்டும், தங்கைக்கு முதலில் அப்படித்தான் எடுக்கப் பார்த்தோம், நல்லவேளை முன்பே தெரிந்தது.

ஊறுகாய், பருப்புப்பொடி, நெய், விதை, காய்கனி இதெல்லாம் பெட்டியில் இருந்தால் இறங்கும்போது தரும் படிவத்தில் எழுதிவிடுங்கள். பிஜியில் உயிர்ப்பாதுகாப்புச் சோதனை கடுமை, எழுதினால் பார்த்துவிட்டு விடுவார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள், எழுதாமல் பிடிபட்டால் அபராதம். உண்மையில் எதையும் சுமக்கத் தேவையே இல்லை. நந்திச் சந்தையில் கத்தரி, வெண்டை, கறிவேப்பிலை, பச்சை மிளகாய் எல்லாம் குவித்து வைத்திருக்கிறார்கள், தெருவுக்கு இரண்டு கடையில் ரொட்டியும் பருப்பும் கிடைக்கிறது. தீவுகளில் சைவச் சாப்பாடு வேண்டுமானால் அறை எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், அங்கே எல்லாமே படகில் வர வேண்டும், அன்று காலை சொன்னால் மரவள்ளியும் சேப்பங்கிழங்கும்தான் கிடைக்கும், தேங்காய்ப்பாலில் வேகவைத்த சேம்பிலை என்றால் எனக்கு அதுவே போதும்.

நாட்களை அடுக்குவதில் நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். சாயங்காலம் இறங்கும் விமானம் என்றால் அன்றிரவு நந்தியிலேயே தங்குங்கள், தீவுப் படகுகள் பகலில்தான் ஓடுகின்றன, மழையில்லாக் காலத்தில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். தீவை முதலில் வையுங்கள், பெரிய தீவைக் கடைசியில். காற்று மிஞ்சிப் படகு ஒரு நாள் நின்றுவிட்டால் பெரிய தீவின் நாட்களிலிருந்து ஒன்றைக் கழித்துக்கொள்ளலாம், தீவு கடைசியில் இருந்தால் விமானமே போய்விடும். திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே நந்திக்கு வந்துவிட வேண்டும், இதில் சமரசமே கிடையாது. சின்ன உள்நாட்டு விமானங்களில் பெட்டி எடைக்கு வரம்பு குறைவு, தேவையில்லாததை நந்தி விடுதியிலேயே கேட்டு வைத்துவிட்டுப் போகலாம். சுவாவுக்கு ஒரு நாள் போவதாக இருந்தால் தர்ஸ்டன் தோட்டத்தில் இருக்கும் பிஜி அருங்காட்சியகத்தை மழை நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை எதையும் திட்டமிட வேண்டாம், தேவாலயம் போகிற நாள், பேருந்து குறைவு, கடைகள் பல மூடியிருக்கும், கிராமங்களில் சத்தமே இருக்கக் கூடாது என்று நினைப்பார்கள்.

பெட்டியில் என்ன? இந்திய மின்செருகி அங்கே பொருந்தாது, ஆஸ்திரேலியாவில் இருப்பது மாதிரி சாய்ந்த பட்டை முள்தான், மாற்றுச் செருகி ஒன்று வேண்டும். காற்று குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் உறைக்காது, ஆனால் தோல் கருகிவிடும், கை முழுக்க மூடும் நீச்சல் சட்டையும் தொப்பியும் வையுங்கள். பவளம் காலைக் கிழிக்கும், ரப்பர் அடி வைத்த தண்ணீர்ச் செருப்பு வேண்டும். மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று, படகில் காற்றுக்கும் இரவுக்கும். மலேரியா பிஜியில் இல்லை, டெங்கு உண்டு, அதனால் கொசு மருந்து வையுங்கள்.

தீவுக் கிராமம் எதற்காவது போவீர்கள், கட்டாயம் போங்கள். முட்டியும் தோளும் மூடிய உடை, இடுப்பில் சுற்றிக்கொள்ள சுலு என்ற வேட்டி மாதிரித் துணி சந்தையிலேயே கிடைக்கும். கிராமத்துக்குள் தொப்பியும் குளிர்க்கண்ணாடியும் கழற்றிவிட வேண்டும், குழந்தைகளின் தலையைத் தொடக் கூடாது. யங்கோனா (காவா) என்ற செடியின் வேர்க்கட்டு ஒன்று, அரை கிலோ அளவில், நந்திச் சந்தையில் வாங்கிக்கொண்டு போய்த் தலைவரிடம் கொடுக்க வேண்டும், செவுசெவு என்று பெயர். நாம் ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போக மாட்டோமே, அந்த மரியாதைதான். அதை இடித்துக் கரைத்து எல்லாருக்கும் தேங்காய்ச் சிரட்டையில் தருவார்கள், வாங்கும் முன் ஒரு தடவை கை தட்டி, ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். நாக்கு கொஞ்ச நேரம் மரத்துப்போகும், பயப்பட வேண்டாம்.

நந்தியில் பிரதான வீதியின் தென்கோடியில் சிவ சுப்பிரமணியர் கோயில் இருக்கிறது, இப்போதுள்ள கட்டடத்துக்கு 1994இல் குடமுழுக்கு நடந்தது. 1903இலிருந்து சென்னையிலிருந்து கப்பலில் கூட்டிக்கொண்டு போகப்பட்ட ஒப்பந்தக் கூலிகளின் பேரன் பேத்திகளும் அவர்களின் பிள்ளைகளும் நடத்துகிற கோயில். 1926இல் சாது குப்புசாமி ஆரம்பித்த தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்தான் அவர்களுக்கான பள்ளிகளை எழுப்பியது. அங்கே ஒரு பெரியவர் மாமாவிடம் வந்து, எந்த ஊர் என்று கேட்டார், அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் அவருக்குத் தமிழ் வரவில்லை, அப்புறம் இந்தியிலேயே பேசினார், ஆனால் பூசையில் தேவாரத்தை முழுக்கப் பாடினார். மூன்று நாள் மழையில் முகம் வாடியிருந்த மாமா அன்றைக்குத்தான் சிரித்தார். மழையில்லாக் காலத்தில் போனால் இன்னொன்றும் பார்க்கலாம், சுவா ஹவல் வீதி மாரியம்மன் கோயிலில் தீமிதி ஜூலை, ஆகஸ்டு வாக்கில் நடக்கும். பெங்கா தீவின் சவாவு மக்கள் சூடேறிய கற்களின் மேல் நடக்கும் தீமிதி வேறு, அதைத் தென்கரை விடுதிகளில் காட்டுகிறார்கள். இரண்டையும் பாருங்கள், ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாது.

ஜூன் முதல் நவம்பர் வாக்கு வரை கரும்பு வெட்டுக் காலம் என்பதால் மேற்குப் பக்கம் சாலையில் கரும்பு லாரிகள் வரிசையாக நிற்கும், சின்ன இரயில் தண்டவாளம் சாலையைக் குறுக்கே வெட்டும், தோகை எரித்த புகையும் சாம்பலும் காற்றில் வரும். மூச்சிரைப்பு உள்ளவர்கள் பா, லவுட்டோகா ஊருக்குள் தங்காமல் கடலோரமாகத் தங்கிக்கொள்ளுங்கள். வாடகை வண்டி எடுத்தால் விமான நிலையத்துக்குப் போகும் நாளில் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும், நமக்குப் பழக்கமானதே. இருட்டியபின் மட்டும் ஓட்டாதீர்கள், மாடும் குதிரையும் சாலையில் படுத்திருக்கும்.

போன பிறகு தினமும் காலையில் ஒரே ஒரு வேலை. நந்தியில் இருக்கும் பிஜி வானிலை ஆய்வு மையம் வெளியிடும் அன்றைய அறிக்கையில், மழைப் பகுதியைப் படிப்பதற்கு முன் கடல் பகுதியைப் படியுங்கள். பலத்த காற்று எச்சரிக்கை என்று இருந்தால் அன்று சின்னப் படகு எதிலும் ஏற வேண்டாம், கோயிலுக்கோ சிங்கடோகா மணல்மேட்டுக்கோ போய்விட்டு வாருங்கள், படகுச் சவாரியை அடுத்த நாளுக்குத் தள்ளச் சொல்லி விடுதியில் கேளுங்கள். எங்களுக்கு இரண்டு தடவையும் முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார்கள்.